பகாவிலிருந்து ஒரு புல்வெளிப் பயணம்

பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பிப்ரவரி மாதம் என்றால் என்ன என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செம்பனை வந்து ரப்பரை ஓரத்துக்குத் தள்ளிவிட்ட போதிலும், எஞ்சி நிற்கும் பால் மரங்கள் இன்றும் அந்த மாதத்தில்தான் இலையைக் கொட்டுகின்றன. நிரை நிரையாக மரங்கள் மொட்டையாக நிற்கும். காலடியில் சருகு சரசரக்கும். பால் குறையும். பால் குறைந்தால் கையில் வரும் காசும் குறையும். எங்கள் பெற்றோர் காலத்தில் இலையுதிர் மாதங்களில்தான் மளிகைக் கடைக் கணக்குப் புத்தகம் தடித்துப்போகும்.

அப்படிப்பட்ட ஒரு பிப்ரவரி மாதத்தில்தான் என் அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அக்கா கட்டளை

அக்கா குடும்பம் பகாவ் பட்டணத்திலிருந்து சற்றுத் தள்ளியுள்ள ஒரு தோட்டத்தில் இருக்கிறது. அத்தானுக்கு ஐம்பத்தெட்டு வயது. இன்னும் இரண்டு ஆண்டுகளில் அறுபது. 2013-ஆம் ஆண்டு ஜூலை முதல் நடப்பில் இருக்கும் சட்டப்படி தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது அறுபது என்பது வாசகர்களுக்குத் தெரியும். ஓய்வு என்றால் வேலை மட்டுமா போகும்? தோட்டத்து வீட்டையும் ஒப்படைக்க வேண்டும். பிள்ளைகளில் ஒருவர் அதே தோட்டத்தில் பேர் பதிந்தால் வீடு நிற்கும். இல்லையென்றால் சட்டி பானையைக் கட்ட வேண்டியதுதான்.

அக்காவின் இளைய மகன், அதாவது என் மருமகன், எஸ்.பி.எம். முடித்து ஓராண்டு ஆகிறது. பையன் தோட்டத்தில் பேர் பதிய மாட்டேன் என்கிறான். எங்கள் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, நீலாய் பக்கம் ஒரு கோல்ஃப் குடியிருப்பில் புல்வெளிப் பராமரிப்பு மண்டோராக இருக்கிறார். அவரிடம் போய் வேலை கற்றுக்கொள்கிறேன் என்று இவன் ஒற்றைக் காலில் நிற்கிறான்.

"புல்லு வெட்டவா தம்பி நான் இவனப் படிக்க வச்சேன்? நாங்கதான் இந்தத் தோட்டத்துல புல்லு வெட்டியாச்சு, மருந்து அடிச்சாச்சு. இவனும் போயி பணக்காரங்க வீட்டு வாசல்ல புல்லு வெட்டணுமா?" என்று அக்கா கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இவன் போயிட்டா வீடும் போயிடும்" என்றார்.

அத்தான் ஒன்றும் பேசவில்லை. வாசலில் உதிர்ந்து கிடந்த இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"நீ போயி ரெண்டு நாளு இருந்து பாத்துட்டு வா. நீ சொன்னா நான் கேட்டுக்கிறேன்" என்பதே அக்காவின் முடிவு. இப்படியாக என் பயணம் தொடங்கியது.

படகு இழுத்த மண்

புறப்படும் முன், பகாவை அறியாத வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ஜெம்போல் மாவட்டத்தில் உள்ள பட்டணம் பகாவ். 1910-ஆம் ஆண்டிலேயே கிம்மாஸிலிருந்து இங்கே ரயில் வந்துவிட்டது. சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள். அந்தத் தோட்டங்களிலெல்லாம் நம்மவர்கள். ஞாயிற்றுக்கிழமை பட்டணத்துக்கு வந்தால் தமிழ்க் குரல் கேட்காத கடை இராது.

ரயிலுக்கு முன்பே இந்த ஊருக்கு வேறொரு பெருமை உண்டு. ஜெம்போல் ஆறு மூவார் ஆற்றில் கலந்து மேற்குக் கடலுக்குப் போகிறது. செர்த்திங் ஆறோ பகாங் ஆற்றோடு சேர்ந்து கிழக்குக் கடலுக்குப் போகிறது. இந்த இரண்டு ஆறுகளும் பகாவ் அருகே ஓரிடத்தில் சில நூறு மீட்டர் தூரத்துக்கு நெருங்கி வருகின்றன. பழங்காலத்து வணிகர்கள் ஓர் ஆற்றிலிருந்து படகைக் கரையேற்றித் தரையில் இழுத்துக்கொண்டுபோய் மற்ற ஆற்றில் இறக்கினார்கள். அந்த இடத்துக்குப் பெனாரிக்கான் என்று பெயர். மலாய் மொழியில் இழுக்கும் இடம் என்று பொருள். மலாக்காவில் பிறந்த எரேடியா என்பவர் 1613-இல் எழுதிய நூலின் வரைபடத்திலேயே இந்தப் பெயர் இருக்கிறது.

இன்னொரு நினைவு துயரமானது. ஜப்பானியர் ஆட்சியில், 1943-ஆம் ஆண்டின் இறுதியில், சிங்கப்பூரிலிருந்து கத்தோலிக்கர்களையும் யூரேசியர்களையும் கொண்டுவந்து பகாவ் அருகே காட்டை வெட்டிக் குடியேற்றினார்கள். ஃபூஜி கோ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். மண்வெட்டி பிடித்தறியாத பட்டணத்து மக்கள் அவர்கள். மலேரியாவிலும் பசியிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அவர்களோடு வந்து தாமும் மண் வெட்டிய ஆயர் டெவால்ஸ், மண்வெட்டி காலில் பட்ட காயம் முற்றி 1945 ஜனவரியில் இறந்தார். நிலத்தில் வேலை செய்கிறவனுக்குச் சிறிய காயம் என்று ஒன்று கிடையாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மலையைத் தாண்டி

பகாவிலிருந்து காலை பஸ் ஏறினேன். ஜுவாசே, கோலப்பிலா, பிறகு தெராச்சி, உலு பெண்டுல் வழியாகச் சிரம்பான். கோலப்பிலாவைத் தாண்டியதும் ஸ்ரீ மெனாந்திக்குப் பிரியும் சாலை வரும். அங்கேதான் 1902-இல் தொடங்கி 1908-இல் முடிக்கப்பட்ட பழைய மர அரண்மனை இருக்கிறது. ஆணியே அடிக்காமல் 99 தூண்களில் நிற்பது அது. புக்கிட் புத்துஸ் மலையில் முன்பு பஸ் பாம்பு போல் வளைந்து வளைந்து ஏறும். பாதிப் பேருக்கு வாந்தி வரும். இப்போது உயரமான தூண்கள் மேல் சாலை நேராக ஓடுகிறது.

இந்த மலைத் தொடர்தான் எங்கள் பக்கத்து மழையைத் தீர்மானிக்கிறது. கிழக்கிலிருந்து வரும் பருவக்காற்றும் மேற்கிலிருந்து வரும் பருவக்காற்றும் மலைகளில் தடுக்கப்பட்டு, ஜெலுபு, கோலப்பிலா, ஜெம்போல் பக்கம் வந்து சேரும்போது ஈரம் குறைந்துவிடுகிறது. தீபகற்ப மலேசியாவிலேயே மழை குறைவான வட்டாரம் ஜெலுபு. 2014 பிப்ரவரியில் நெகிரி செம்பிலானில் தண்ணீர் நெருக்கடி அறிவிக்கப்பட்டது பலருக்கு நினைவிருக்கும்.

சிரம்பானில் கொமுட்டர் ரயில் ஏறி நீலாயில் இறங்கினேன். அண்ணன் மோட்டார் சைக்கிளோடு நின்றிருந்தார். தலை நரைத்து, முகம் கருத்து, உடம்பு மட்டும் இளைஞனைப் போல் இறுகியிருந்தது.

"வா தம்பி. அக்கா வேவு பாக்க அனுப்புச்சாக்கும்?" என்று சிரித்தார்.

குடியிருப்பின் பெயர் இங்கே வேண்டாம். வாயிலில் காவலர்கள். உள்ளே போனால் வரிசை வரிசையாகப் பெரிய வீடுகள். வீடுகளின் பின்புறமெல்லாம் ஒரே பச்சை. நடுவில் குளங்கள், வெள்ளை மணல் குழிகள், ஆங்காங்கே சிறு கொடிகள். இந்த நிலம் முப்பது ஆண்டுகளுக்கு முன் ரப்பர்த் தோட்டம். அண்ணன் இதே மண்ணில் பால் வெட்டியவர். தோட்டம் விற்கப்பட்டபோது பலர் போய்விட்டார்கள். அண்ணன் நின்று புல் வேலைக்குச் சேர்ந்தார். பழைய பால் மரங்கள் இரண்டு இன்னமும் வேலி ஓரமாக நிற்கின்றன. அவையும் இலை கொட்டியிருந்தன.

விடியும் முன்னே

மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு அண்ணன் எழுப்பினார். பெரட்டுக்குப் போன நாள்கள் நினைவுக்கு வந்தன. கொட்டகை ஒன்றில் ஆட்கள் கூடினார்கள். இருபத்திரண்டு பேர். நம்மவர்கள் ஐந்து பேர்; இரண்டு மலாய்க்காரர்கள்; மற்றவர்கள் வங்காளதேசம், இந்தோனேசியா நாட்டுக்காரர்கள். அண்ணன் பேர் வாசித்து வேலை பிரித்துக் கொடுத்தார்.

முதல் வேலை என்னைத் திகைக்க வைத்தது. ஒருவர் நீண்ட கழியை எடுத்துக்கொண்டு போய் வட்டமான புல்தரையின் மேல் இப்படியும் அப்படியும் வீசினார். எதற்கு என்றேன்.

"பனியத் தட்டுறான். பனி புல்லு மேலயே நின்னா பூஞ்சை புடிக்கும். நம்ம வெட்டுப் பட்டையில மழைத் தண்ணி நின்னா அழுகல் வராதா? அதே கதைதான்" என்றார் அண்ணன்.

கோல்ஃப் ஆட்டத்தை அறியாத வாசகர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு முழுத் திடலில் பதினெட்டுக் குழிகள். ஒவ்வொரு குழிக்கும் பந்தை அடிக்கத் தொடங்கும் மேடை ஒன்று, பிறகு நீண்ட புல்வெளி, கடைசியில் குழி இருக்கும் வட்டத் தரை. அந்த வட்டத்தைக் கிரீன் என்கிறார்கள். குழியின் குறுக்களவு நாலேகால் அங்குலம். உலகம் முழுவதும் இதே அளவு. ஒரே இடத்தில் குழி இருந்தால் சுற்றிலும் புல் மிதிபட்டுச் சாகும். ஆகவே ஒரு வட்டக் கத்தியால் வேறிடத்தில் புதுக் குழி வெட்டி, அங்கே எடுத்த மண்ணையும் புல்லையும் கொண்டுவந்து பழைய குழியை மூடுகிறார்கள். மூடிய இடம் எது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியக்கூடாது. அதில்தான் கைத்திறம்.

கிரீனில் புல்லின் உயரம் எவ்வளவு தெரியுமா? மூன்று நான்கு மில்லிமீட்டர்தான்! இரண்டு மூன்று காசுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் வரும் உயரம். கத்தி சற்று இறங்கினால் மண் தெரியும், சற்று ஏறினால் பந்து நிற்கும். பால் வெட்டுகிறவர் பட்டையை வெட்டும்போது மரத்தின் உயிர்த்தோலில் காயம் படாமல் மயிரிழை விட்டு வெட்டுகிறாரே, அந்தக் கணக்குத்தான் இங்கேயும். "பால் வெட்டத் தெரிஞ்சவனுக்கு இது சீக்கிரம் வரும் தம்பி. கை சொல்லும்" என்றார் அண்ணன்.

அந்தக் கிரீனுக்கு அடியில் வெறும் மண் இல்லை. கீழே நாலங்குலம் சரளைக் கல், அதன்மேல் ஓரடி மணல் கலவை, அதன்மேல்தான் புல். எவ்வளவு மழை கொட்டினாலும் தண்ணீர் இறங்கி ஓட வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. மணலில் சத்து நிற்காதாகையால், உரத்தை மொத்தமாகப் போடாமல் குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி போடுகிறார்கள். கிரீனில் வளர்வது மெல்லிய பெர்முடா புல் வகை. வெளியே ஓரங்களில் இருப்பதோ நம் தோட்டத்துத் திடலில் கிடந்த அதே அகல இலை மாட்டுப் புல்!

அந்தக் காலத்தில் நம் திடலில் புல்லை யார் வெட்டினார்கள்? நம் மாடுகளும் ஆடுகளும்தான். ஸ்காட்லாந்தில் கோல்ஃப் பிறந்த காலத்தில் அங்கேயும் ஆடுகள் மேய்ந்துதான் புல் கட்டையாக இருந்தது. 1830-இல் எட்வின் பட்டிங் என்ற ஆங்கிலேயர் புல்வெட்டி இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். வெள்ளைக்காரன் போன இடமெல்லாம் புல்வெளியும் போயிற்று. கல்கத்தாவில் 1829-லும், இலங்கை மலையகத்து நுவரெலியாவில் 1889-லும், கோலாலம்பூரில் 1893-லும் கோல்ஃப் கிளப்புகள் தோன்றிவிட்டன. ஆடியவர்கள் துரைமார்கள். புல்லைக் கவனித்தவர்கள் யார் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

புல்லுக்கும் பருவம் உண்டு

குளிர் நாடுகளில் பனி விழுந்தால் திடலை மூடிவிட்டு ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். நம் நாட்டில் புல் ஆண்டு முழுவதும் வளர்கிறது. ஆகவே பருவ வேலை இல்லை என்று நினைத்தேன். அண்ணன் மறுத்தார். விரல் விட்டு எண்ணி ஓர் ஆண்டுக் கணக்கே சொன்னார்.

ஜனவரி முதல் மார்ச் வரை வறட்சி. பால் மரம் இலை கொட்டும் காலம்தான் புல்லுக்கும் சோதனைக் காலம். குளத்துத் தண்ணீரை அளந்து செலவழிக்க வேண்டும். முதல் தண்ணீர் கிரீனுக்கு, அடுத்தது மேடைக்கு, மீதமிருந்தால்தான் புல்வெளிக்கு. நடுப்பகலில் கிரீன் வாடி நீலம் பாய்ந்ததுபோல் தெரிந்தால், குழாயைக் கையில் பிடித்து அந்த இடத்துக்கு மட்டும் லேசாகத் தெளிக்க வேண்டும்.

ஏப்ரல், மே மாதங்களில் மாலை இடிமழை. புல் ஒரே பாய்ச்சலாக வளரும். வெட்டி முடிப்பதற்குள் மறுபடி வளர்ந்து நிற்கும். ஜூன், ஜூலையில் மழை சற்று ஓயும். மிதிபட்டு இறுகிப்போன கிரீனில் இயந்திரத்தால் விரல் அளவு துளைகள் போட்டு, மண்ணை உருவி எடுத்து, மணலை நிரப்புவதற்கு அதுவே நல்ல நேரம். வேருக்கு மூச்சு விட வழி செய்வது இது. சில ஆண்டுகளில் இந்த மாதங்களை ஒட்டியே புகைமூட்டமும் வந்துவிடும். 1997-லும் 2015-லும் வந்ததுபோல. அப்போது புல்லைவிட ஆட்களின் மூச்சைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெருமழை. மணல் குழிகள் கரைந்து ஓடும். வாய்க்கால் அடைக்கும். கிரீனில் பூஞ்சை வட்ட வட்டமாகப் படரும். "ராத்திரி மழை சத்தம் கேட்டா எனக்குத் தூக்கம் வராது. பால் வெட்டுக் காலத்துல மழை பெஞ்சா நாளைக்கு வேலை இல்லையேன்னு தூக்கம் வராது. இப்ப நாளைக்கு வேலை ஜாஸ்தின்னு தூக்கம் வராது" என்று அண்ணன் சொன்னபோது இருவரும் சிரித்தோம்.

ஆனால் அதில் ஒரு பெரிய வேறுபாடு இருப்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பால் வெட்டில் மழை வந்தால் வருமானம் போகும், இலையுதிர்ந்தாலும் போகும். இங்கே மாதச் சம்பளம். வானத்தைப் பார்த்து வயிற்றைக் கணக்குப் போட வேண்டியதில்லை.

மருந்தும் மின்னலும்

அக்காவுக்கு உள்ளூர இருந்த அச்சம் மருந்தைப் பற்றியது. பல ஆண்டுகள் தோட்டத்தில் பம்பை முதுகில் சுமந்து களைக்கொல்லி அடித்தவர் அவர். நகம் கறுத்துப்போனதும், மூக்கில் இரத்தம் வந்ததும் நாங்கள் கண்ணால் கண்டவை. பாராகுவாட் என்ற அந்தக் களைக்கொல்லிக்கு நம் நாட்டில் 2002-இல் தடை அறிவித்தார்கள், 2006-இல் தளர்த்தினார்கள், கடைசியாக 2020 ஜனவரி முதல் தேதி முழுத் தடை நடப்புக்கு வந்தது. அதற்குள் எத்தனை தாய்மார்களின் உடம்பு அதை வாங்கிக்கொண்டதோ!

கோல்ஃப் திடலிலும் மருந்து உண்டு. பூஞ்சைக்கு ஒன்று, புழுவுக்கு ஒன்று, களைக்கு ஒன்று. சம்பாவ் புல் என்று மலாய்க்காரர்கள் சொல்வார்களே, வேரோடு பிடுங்கினாலும் வராமல் முரண்டு பிடிக்கும் புல், அதற்குக் கிளைஃபொசேட் மருந்துகூடச் சில இடங்களில் வேலை செய்வதில்லை. அப்படி மருந்துக்கு அடங்காத சம்பாவ் புல்லை நம் நாட்டில் 1997-லேயே கண்டார்கள். ஆகவே கிரீனில் முளைக்கும் களையை ஆட்கள் முட்டி போட்டுச் சிறு கத்தியால் நோண்டி எடுக்கிறார்கள். தோட்டத்துப் பெண்கள் செய்த வேலைதான்.

மருந்து அடிக்கிறவர்களைப் போய்ப் பார்த்தேன். கையுறை, முகமூடி, முழங்கால் வரை காலணி எல்லாம் இருந்தன. ஆனால் வெயில் ஏறியதும் ஒருவர் முகமூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். அண்ணன் அதட்டினார்; மறுபடி போட்டுக்கொண்டார். அண்ணன் அந்தப் பக்கம் போனதும் மீண்டும் கழற்றினார். இதையும் மறைக்காமல் எழுத வேண்டியது என் கடமை. சாதனம் கொடுத்தால் மட்டும் போதாது. போட்டுக்கொண்டே வேலை செய்யும்படி காலை நேரத்திலேயே மருந்து வேலையை முடிக்க வேண்டும் என்பது அண்ணனின் கருத்து.

இன்னோர் ஆபத்து மின்னல். வெட்ட வெளியில் இயந்திரத்தின் மேல் உட்கார்ந்திருப்பவன்தான் அங்கே உயரமான பொருள். அன்று மாலை வானம் இருண்டது. சங்கு ஊதியது. எல்லாரும் போட்டது போட்டபடி கொட்டகைக்கு ஓடிவந்தார்கள். மழை விட்ட பின்னும் இடி ஓயும் வரை யாரையும் அண்ணன் வெளியே விடவில்லை.

நிலத்தின் பழைய கணக்கு

இரவு சாப்பிட்ட பிறகு நான் ஒரு கணக்குப் போட்டேன். பதினெட்டுக் குழித் திடலுக்கு ஏறத்தாழ 150 ஏக்கர் நிலம் வேண்டும். ஏக்கருக்கு 130 பால் மரம் என்று வைத்தால் 19,500 மரங்கள். ஒருவருக்கு 500 மரம் என்றால் 39 பங்கு. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு என்பதால் இருபது பேருக்கு வேலை. இன்று அதே நிலத்தில் புல் பார்ப்பவர்கள் இருபத்திரண்டு பேர்.

ஆள் கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று இருபது பேர் என்றால் இருபது குடும்பம். ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூடம், ஒரு திடல். இன்று இருபத்திரண்டு பேர் என்றால் விடுதியில் இருபத்திரண்டு கட்டில். நான் சொல்வது விளங்குகிறதல்லவா?

நிலம் கைமாறும்போது மக்கள் என்ன ஆனார்கள் என்பதற்குக் கோலாலம்பூரின் புக்கிட் கியாரா ஓர் எடுத்துக்காட்டு. அந்த ரப்பர்த் தோட்டத்தை அரசாங்கம் 1980-இல் கையகப்படுத்தியது. அந்த நிலத்தில் பூங்காவும் வந்தது, கோல்ஃப் திடல்களும் வந்தன. 2010-ஆம் ஆண்டிலிருந்து சில ஆண்டுகள் உலகத்தின் சிறந்த பெண் ஆட்டக்காரர்கள் அங்கே வந்து விளையாடினார்கள். தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது. தோட்டத்தில் வேலை செய்த குடும்பங்களோ 1982-இல் தற்காலிகம் என்று கொடுக்கப்பட்ட நீண்ட வீடுகளில் குடியேறி, நிரந்தர வீட்டுக்காக நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்கும்படி ஆயிற்று. அன்று கைக்குழந்தையாகப் போனவர்கள் அங்கேயே பேரன் பேத்தி எடுக்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள்.

துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் பத்துப் பத்து வெள்ளியைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்க முனைந்தாரே, அது ஏன் என்பது இப்போது புரிகிறது. வேலை மாறலாம், மரம் போய்ப் புல் வரலாம். தலைக்கு மேலே ஒரு கூரை நம் பெயரில் இல்லாவிட்டால் எந்த மாற்றமும் நமக்கு இடம்பெயர்வுதான்.

அண்ணனிடம் நேராகவே கேட்டேன்: "உங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறதா?"

"இருக்கு. சின்னதுதான். சேமநிதிப் பணத்தை எடுத்துக் கட்டினேன். அத மட்டும் அன்னைக்குச் செய்யாம விட்டிருந்தா, இவ்வளவு புல்லு வளத்தும் நான் நிக்கிறதுக்கு இடம் இல்லாதவன்தான்."

திரும்பி வந்தேன்

மூன்றாம் நாள் பகாவுக்குத் திரும்பினேன். அக்கா தேநீர் கலக்கிக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். மருமகன் கதவோரமாக நின்றான். அத்தானும் வந்து அமர்ந்தார். நான் கண்டதைக் கண்டபடி சொன்னேன்.

வேலை இழிவானதல்ல. கையும் கண்ணும் அறிவும் வேண்டிய வேலை. இயந்திரம் பழுது பார்க்கவும், மருந்து அளக்கவும், மண்ணைப் படிக்கவும் கற்றுக்கொள்ளலாம். மலேசியத் திறன் சான்றிதழை முதல் நிலையிலிருந்து படிப்படியாக எடுத்தால் டிப்ளோமா நிலை வரை போக வழி இருக்கிறது. வெறும் புல்வெட்டியாகவே நின்றுவிட்டால் கூலியும் நின்றுவிடும்.

சம்பளம் தொடக்கத்தில் சட்டப்படியான குறைந்தபட்சம்தான். 2025 பிப்ரவரி முதல் அது 1,700 வெள்ளி. ஆனால் ஒன்று: நிர்வாகத்தின் நேரடி வேலையா, குத்தகைக்காரரின் வேலையா என்று முதலில் கேட்க வேண்டும். வேலைக் கடிதம் கையில் வாங்க வேண்டும். சேமநிதிக்கு முதலாளி பங்கு 13 விழுக்காடு, தொழிலாளி பங்கு 11 விழுக்காடு. 1,700 வெள்ளிக்கு இரண்டும் சேர்ந்து மாதம் 408 வெள்ளி. சொக்சோ பதிவு இருக்க வேண்டும். இவை இல்லாத இடத்தில் சம்பளம் கூட என்றாலும் போகக் கூடாது.

பிறகு வீட்டைப் பற்றிச் சொன்னேன். 2024 மே மாதத்திலிருந்து சேமநிதி மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வீட்டுக்காக எடுக்கக்கூடிய கணக்கில் சேர்வது 15 விழுக்காடு. பையனின் 408 வெள்ளியில் அது மாதம் அறுபத்தொரு வெள்ளிதான். அதை நம்பி வீடு வாங்க முடியாது. ஆனால் அத்தானுக்கு முப்பத்தைந்து ஆண்டுச் சேமிப்பு இருக்கிறது. ஓய்வு பெற்ற பின் அந்தப் பணம் மொத்தமாகக் கைக்கு வந்து, கல்யாணம், காதுகுத்து, மோட்டார் சைக்கிள் என்று கரைவதற்கு முன், இந்த இரண்டு ஆண்டுக்குள்ளேயே பகாவ் பட்டணத்தில் ஒரு சிறு வீட்டுக்கு வழி பார்க்க வேண்டும். மாதத் தவணைக்குப் பையன் சம்பளத்திலிருந்து ஒரு பங்கு வர வேண்டும்.

"தோட்டத்து வீட்டுக்காகப் பையனைத் தோட்டத்தில் நிறுத்தினால், அவனுக்கு அறுபது வயதாகும்போதும் இதே பேச்சு இதே திண்ணையில் நடக்கும்" என்று முடித்தேன்.

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அத்தான் வாய் திறந்தார். பையனைப் பார்த்து, "மொத மாசத்துலேருந்து முன்னூறு வெள்ளி. அம்மா கையில. முடியுமா?" என்று கேட்டார்.

"முடியும்பா."

"மூஞ்சில மூடிய கழட்ட மாட்டியே?" என்றார் அக்கா. கண் கலங்கியிருந்தது.

"கழட்ட மாட்டேம்மா."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். போகும்போதே, "புல்லு வெட்டுனாலும் சொந்த வாசல்ல ஒரு புடி புல்லு இருக்கணும், என்ன?" என்று சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

மார்ச் முதல் வாரம் பையன் நீலாய்க்குப் போனான். அத்தானும் நானும் ஒரு சனிக்கிழமை பட்டணத்தில் இரண்டு வீடுகளைப் பார்த்துவிட்டு வந்தோம். ஒன்று விலை கட்டுப்படியாகவில்லை. இன்னொன்றின் கூரை பழுது. ஆனால் முன்னால் சிறிது நிலம் இருக்கிறது. பேசிக்கொண்டிருக்கிறோம்.

வாசக அன்பர்களே, அன்று படகை ஓர் ஆற்றிலிருந்து மறு ஆற்றுக்கு இழுத்த மண் எங்கள் பகாவ் மண். இழுக்கிறவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் இழுத்தால்தான் படகு நகரும். உங்கள் வீட்டிலும் ஓய்வு வயதை நெருங்குகிறவர் ஒருவரும், வேலைக்குப் புறப்படும் பிள்ளை ஒருவரும் இருந்தால், இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து, வீட்டுப் பேச்சை இன்றே தொடங்குங்கள்.

திரும்பி வரும் வழியில் பார்த்தேன். பால் மரங்களில் செம்பு நிறத்தில் இளந்தளிர் விட்டிருந்தது.